38 கிராமும் 110 மில்லியும்

கேள்வி: எனக்கு 63 வயது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. இரண்டு வருடமாக ராத்திரி நாலைந்து தடவை ஒன்னுக்கு எழுந்திருக்கிறேன். போய் நின்றால் உடனே வருவதில்லை, வந்தாலும் மெல்லிசாகத்தான் வருகிறது. முடித்துவிட்டு வந்த பிறகு வேட்டியில் சொட்டுகிறது. சென்ற மாதம் பழம் பறிப்பு நடக்கும்போது சளி பிடித்தது. மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டது. விடியும்வரை துடித்தேன். ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோய் டியூப் போட்டதும் 800 மில்லி வந்ததாம். மூன்று நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். டாம்சுலோசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இப்போது போகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் 38 கிராம், போன பிறகு பையில் மிச்சம் 110 மில்லி என்று இருக்கிறது. டியூப் உள்ளே இருந்தபோது எடுத்த பி.எஸ்.ஏ. 7.4. இது கேன்சரா? பக்கத்துத் தோட்டத்து நண்பருக்கு 70 கிராம், அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? சாயந்திரம் 4 மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை, அப்படியும் குறையவில்லை. நெருஞ்சில் கஷாயம் குடிக்கச் சொல்கிறார் மச்சான். ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்றும் சொல்கிறார். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். சாயந்திரமானால் கால் வீங்கும். சுகர் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. இதையெல்லாம் வீட்டில் பேச வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாசகர், ஏற்காடு

பதில் (சிறுநீரியல் மருத்துவர், சேலம்):

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. உங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்காவது, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் பெருத்திருக்கும். 80 வயதைத் தாண்டியவர்களில் பெருக்காதவர்களைப் பார்ப்பதே அரிது. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பதால்தான் பல பேர் சிறுநீரகம் கெட்ட பிறகு என்னிடம் வருகிறார்கள். நீங்கள் நேரத்தோடு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன. 7.4ஐயும் 38ஐயும் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். என் கண் நிற்பது 110 மில்லியில். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த 7.4ஐ முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உங்கள் மனதில் ஏறாது.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் தயாரிக்கும் ஒரு புரதம். விந்து கட்டிக்கொள்ளாமல் இளகி ஓட உதவுவது அதன் வேலை. அதில் ஒரு துளி எப்போதும் ரத்தத்தில் கசியும். கேன்சர் வந்தால் கசிவு கூடும், உண்மைதான். ஆனால் புராஸ்டேட் பெருத்தாலும், அதில் கிருமித் தொற்று வந்தாலும், நீர் அடைத்துக்கொண்டாலும், டியூப் போட்டாலும் கூடும். உங்களுக்கு இதில் குறைந்தது மூன்று இருந்திருக்கிறது. டியூப் உள்ளே இருக்கும்போது எடுத்த பி.எஸ்.ஏ.வை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். டியூபை எடுத்து 6 வாரமாவது போகட்டும். யூரினில் தொற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு மறுபடியும் எடுங்கள். எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவும் நீண்ட தூர பைக் பயணமும் வேண்டாம். அப்போதும் உயர்ந்தே இருந்தால் ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்போம். சதை எடுத்துச் சோதிப்பது அதற்கும் அப்புறம்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கமலா ஆரஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். வயதானால் பெருப்பது உள்ளே இருக்கும் சுளைப் பகுதி. அதன் நடுவில்தான் சிறுநீர்க் குழாய் போகிறது, அதனால் சுளை பெருத்தால் குழாய் நெருக்கப்படும். கேன்சர் பெரும்பாலும் தொடங்குவது தோல் பகுதியில், சுமார் 70 சதவீதம் அங்கேதான். அது குழாயிலிருந்து தள்ளியிருப்பதால் ஆரம்பக் கேன்சர் சிறுநீர்ப் போக்கைத் தொடுவதே இல்லை. ஆகவே நீர் சரியாகப் போகவில்லை என்பது கேன்சருக்கு அடையாளம் ஆகாது. நீர் தாராளமாகப் போகிறது என்பதால் கேன்சர் இல்லை என்றும் ஆகாது. இரண்டும் வேறு வேறு கணக்கு. உங்கள் நண்பர் நன்றாகத் தூங்கினாலும் ஒரு தடவை பி.எஸ்.ஏ. பற்றித் தன் மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

சரி, அவருடைய 70க்கும் உங்களுடைய 38க்கும் வருவோம். வாலிபத்தில் புராஸ்டேட்டின் எடை 20 கிராம் அளவில் இருக்கும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். எத்தனை கிராம் என்பதைவிட எந்தப் பக்கம் பெருத்தது என்பதுதான் முக்கியம். வெளிப்பக்கமாகப் பெருத்தால் 70, 80 கிராம் வரைகூட ஆளுக்குத் தெரியாது. உள்பக்கமாகவோ, நடுமடல் மேலே எழும்பிப் பையின் கழுத்துக்குள்ளேயோ பெருத்தால் 30 கிராமே பெரும் தொந்தரவு. அதோடு புராஸ்டேட் வெறும் சுரப்பி மட்டும் இல்லை. அதற்குள்ளும் பையின் கழுத்திலும் நம் கட்டளைக்கு அடங்காத தசை நிறைய இருக்கிறது. அந்தத் தசை இறுகினால் கிராம் கூடாமலேயே வழி குறுகும். ஸ்கேனில் கிராம் தெரியும், இறுக்கம் தெரியாது. கிராமை மட்டும் வைத்து ஒருவருக்கு ஆபரேஷன் என்றோ இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்றோ சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். ஸ்கேன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிராம் எண்ணை ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் ஆண்களைத் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது பை. எனக்கு இந்த உறுப்பின் மேல் தனி மரியாதை உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவில் நீரைப் பிரிக்கின்றன. அது 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் வழியாக, அவற்றின் சுவர் விட்டு விட்டுச் சுருங்கித் தள்ளத் தள்ள, பைக்கு வந்து சேருகிறது. குழாய்கள் பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகின்றன. பை நிறைந்து சுவர் அழுந்தும்போது அந்தச் சாய்ந்த பகுதியும் அழுந்தி மூடிக்கொள்ளும், நீர் மேலே திரும்பாது. பையின் சுவர் முழுக்கத் தசை. இந்தத் தசையின் சிறப்பு, நீர் சேரச் சேர அது தளர்ந்து கொடுத்துக்கொண்டே போவது. 50 மில்லி இருந்தாலும் 300 மில்லி இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றேதான். 150, 200 மில்லி சேரும்போது லேசாக நினைவு வரும். 400, 500க்குப் பக்கத்தில் இனிப் பொறுக்க முடியாது என்று வரும்.

நாளில் 23 மணி நேரத்துக்கும் மேலாகப் பை சேமிப்பு வேலைதான் செய்கிறது, காலி செய்வது சில நிமிடம். இரண்டுக்கும் நரம்புகள் தனித்தனி. நடுமுதுகின் அடிப்பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் வரும் நரம்புகள் பையைத் தளர்த்தி அதன் கழுத்தை இறுக்கிச் சேமிக்க வைக்கின்றன. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திரிக எலும்பின் துளைகள் வழியாக வரும் நரம்புகள் பையைச் சுருக்கிக் காலி செய்ய வைக்கின்றன. புராஸ்டேட்டுக்குக் கீழே இன்னொரு சுருக்குத் தசை உண்டு, அது மட்டும் நம் விருப்பத்துக்கு அடங்கும். அவசரத்தில் அடக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்தத் தசையை வைத்துத்தான்.

சேமிப்பிலிருந்து காலி செய்வதற்கு மாற்றும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. 1925இல் பேரிங்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் பூனைகளில் ஆராய்ந்து இந்த இடத்தைக் காட்டினார். அதற்கும் மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இது சரியான இடமா, சரியான நேரமா என்று பார்த்து அனுமதி கொடுக்கிறது. குழந்தைகள் மூன்று நான்கு வயதில் கற்றுக்கொள்வது இந்த அனுமதியைத்தான். பக்கவாதம் வந்த பெரியவர்கள் சிலர் அடக்க முடியாமல் போவதும் இந்த அனுமதி கெடுவதால்தான். அவர்களை வீட்டில் யாரும் திட்டக் கூடாது.

காலி செய்யும்போது முதலில் நடப்பது பை சுருங்குவது அல்ல. கீழே இருக்கும் சுருக்குத் தசையும் இடுப்புத் தளமும் முதலில் தளரும். அடுத்த நொடி பை சுருங்கும், கழுத்து திறக்கும். முக்கினால் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறோம். முக்கும்போது இடுப்புத் தளம் இறுகத்தான் செய்யும், வருகிற நீரும் தடுமாறும். பஸ் கிளம்பப் போகிறது, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள் என்ற பதற்றத்தில் வராமல் போவதும் இதனால்தான். உட்கார்ந்து, மூச்சை விட்டு, வயிற்றை இறுக்காமல் போய்ப் பாருங்கள். ஆண்கள் உட்கார்ந்து போனால் குறைந்துவிட மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் சென்ற மாதம் அந்த ராத்திரி நடந்தது உங்களுக்கே புரிந்துவிடும். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே கூடும். உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதென்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் கூடுதலாகப் பிரிக்கும். மலைமேல் குளிர்காலத்தில் எல்லோருக்கும் ஒன்னுக்கு அதிகம் வருவது இப்படித்தான். உங்களுக்கு வேகமாக நிறைந்துகொண்டிருந்த பையின் மேல் அந்தச் சளி மாத்திரை விழுந்தது. மெடிக்கலில் பொதுவாகக் கொடுக்கும் சளி மாத்திரைகளில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் வகை பையின் கழுத்தையும் புராஸ்டேட்டின் தசையையும் இறுக்கும். மூக்கொழுகலுக்கான குளோர்ஃபெனிரமின் வகை பையின் சுருக்கத்தைத் தளர்த்தும். வழியும் இறுகி, தள்ளும் பலமும் குறைந்தால் ஏற்கெனவே குறுகிய குழாயில் நீர் எப்படிப் போகும்? இனி எந்தக் கடையில் எந்த மாத்திரை வாங்கினாலும் “எனக்குப் புராஸ்டேட் இருக்கிறது, ஒரு தடவை நீர் அடைத்திருக்கிறது” என்று முதலில் சொல்லுங்கள். சளிக்கு ஆவி பிடியுங்கள், காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமால் போதும்.

இப்போது அந்த 110 மில்லி. வழி குறுகியதும் பை சும்மா இருப்பதில்லை, கூடுதல் பலத்தோடு தள்ளப் பார்க்கும். எந்தத் தசையும் அதிகம் உழைத்தால் தடிக்கும், பையும் தடிக்கிறது. தடித்த பைக்குத் தளர்ந்து கொடுக்கும் குணம் குறையும். கொஞ்சம் நிறைந்தாலே துடிக்கும், திடீரென்று அவசரமாக வரும். இதுவரை பரவாயில்லை, இதிலிருந்து நன்றாகவே மீளலாம். வருடக்கணக்கில் விட்டால் தசை நார்களுக்கு நடுவே நார்த்திசு சேர்ந்து பலம் குறைகிறது. முழுக்கக் காலி செய்ய முடியாமல் மிச்சம் நிற்கிறது. தேங்கிய நீரில் கிருமி வளரும், கல் சேரும். மிச்சம் கூடிக்கொண்டே போனால் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகமும் வீங்கும்.

பையின் கொள்ளளவு 350 மில்லி என்று வையுங்கள். 110 எப்போதும் உள்ளேயே கிடந்தால் உங்களுக்கு உபயோகமாவது 240தான். அதனால்தான் போய்விட்டு வந்து படுத்தால் மறுபடியும் வருகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு மிச்சம் 50 மில்லிக்குள் நிற்கும். 110 என்பது அபாயம் இல்லை, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடிய அளவும் இல்லை. 800 மில்லி தேங்கி நீட்டப்பட்ட பை பழைய நிலைக்கு வரச் சில வாரம் எடுக்கும். மாத்திரையோடு 6 வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் இந்த எண் குறைகிறதா, நிற்கிறதா, கூடுகிறதா என்பதுதான் உங்கள் வைத்தியத்தைத் தீர்மானிக்கும். கிராம் அன்றும் 38தான் இருக்கும்.

இங்கே எல்லோருக்குமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதானவர் ஒருவருக்கு நிற்காமல் சொட்டுகிறது, தூக்கத்தில் படுக்கை நனைகிறது என்றால் “பை லூசாகிவிட்டது, வயசாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். பல நேரம் அது வலியே இல்லாமல் நிறைந்து வழியும் பை. அடிவயிறு மேடாக இருக்கும், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கே காட்ட வேண்டும்.

ராத்திரி நாலைந்து தடவை என்கிறீர்கள். இதில் முழுப் பழியையும் புராஸ்டேட் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை உஷாராக்கியது: சாயந்திரம் கால் வீங்கும். பகல் முழுக்கச் சரிவில் நின்றும் நடந்தும் வேலை, கூடவே அம்லோடிபின். அந்த மாத்திரை பலருக்குக் கணுக்காலில் நீர் கோர்க்க வைக்கும். நீங்கள் படுத்ததும் காலில் கோர்த்த நீர் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. 4 மணிக்கே தண்ணீரை நிறுத்தியும் ராத்திரிப் போக்கு குறையாதது இதனால் இருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்குங்கள். மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குடித்ததையும் எழுதுங்கள். தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலை இல்லை. படுத்த பிறகு போனதையும் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் கூட்டுங்கள். அது முழு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சிறுநீரகம் ராத்திரியில் அதிகம் பிரிக்கிறது என்று அர்த்தம், அதற்குப் புராஸ்டேட் மாத்திரை உதவாது. பிரஷர் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாயந்திரம் ஒரு மணி நேரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திப் படுத்தால் அந்த நீர் தூங்கப் போகும் முன்பே வெளியேறிவிடும். ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிதான் என்றால் கோளாறு பையில், அதற்கு வைத்தியம் வேறு. பலமான குறட்டை உண்டா என்று உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு இதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் ராத்திரியில் நீரை அதிகம் பிரிக்கச் செய்யும். சுகர் இல்லை என்று மூன்று வருடத்துக்கு முந்தைய சோதனையை வைத்துச் சொல்வது செல்லாது, இப்போது பார்த்துவிடுங்கள்.

தண்ணீரை 4 மணிக்கு நிறுத்துவது தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையின் உட்சுவரை எரிச்சல்படுத்தும், மலச்சிக்கல் வரும், இறுகிய மலம் முன்னால் இருக்கும் குழாயை அழுத்தும். நாள் முழுவதும் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் குடியுங்கள், பெரும்பங்கைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறையுங்கள். ரசமும் மோரும் இதில் சேர்த்தி. காப்பித் தோட்டத்துக்காரரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: சாயந்திரக் காப்பி வேண்டாம். காஃபின் பையைத் தூண்டிவிடும்.

நெருஞ்சிலும் வாழைத்தண்டும் நீரைக் கூடுதலாகப் பிரிக்க வைப்பதற்காகக் குடிக்கப்படுபவை. உங்கள் சிக்கல் நீர் பிரியாதது இல்லை, பிரிந்த நீர் வெளியே போகாதது. வாழைத்தண்டுப் பொரியல் தாராளமாகச் சாப்பிடுங்கள். அடைப்பு வந்த ராத்திரியில் மட்டும் யார் சொன்னாலும் கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது.

வேட்டியில் சொட்டுவது பலரை மிகவும் கூச வைக்கிறது, ஆனால் இதுதான் மிகச் சுலபமான பிரச்சினை. அது பையிலிருந்து வருவதில்லை. ஆணின் குழாய் 20 சென்டிமீட்டர் அளவு நீளம். விதைப்பைக்குப் பின்னால் அது வளையும் இடத்தில் ஒரு ஸ்பூன் நீர் தங்கிவிடும், நடக்கும்போது வெளியே வரும். போய் முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து மேல்நோக்கி அழுத்தி, அப்படியே முன்னால் தள்ளிவிடுங்கள். இரண்டு தடவை செய்தால் போதும். பையில் நிற்கும் மிச்சத்துக்கு வேறு வழி: ஒரு தடவை போய், எழுந்து சிறிது நேரம் நின்று, மறுபடியும் உட்கார்ந்து போங்கள். அவசரம் இல்லாமல்.

ஐயா, நீங்கள் மேற்பார்வையாளர் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் பழம் பறிக்க வரும் பெண்களுக்குச் செடி வரிசைகளுக்குப் பக்கத்தில் கழிப்பிடம் இருக்கிறதா? பெண்ணின் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான், கிருமி சுலபமாக ஏறும். போக இடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்து, நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் மலையிறங்கி வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிநீரும் கழிப்பிடமும் முதலாளியின் கடமை என்று எழுதிவைத்தது. ராத்திரி ஒன்னுக்குப் போக முடியாமல் துடித்தது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். முதலாளியிடம் பேசுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். டாம்சுலோசின் கிராமைக் குறைக்காது. கழுத்திலும் புராஸ்டேட்டிலும் இருக்கும் தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே பலன் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். எழும்போது சட்டென்று எழாமல் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து எழுங்கள், தலை சுற்றலாம். விந்து குறைவாக வரலாம் அல்லது வராமலே போகலாம், அது கெடுதல் இல்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதை, நிறுத்தியிருந்தாலும்கூட, கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணின் கருவிழித்திரை இதனால் தளர்ந்துபோய் ஆபரேஷனைச் சிக்கலாக்கும், முன்கூட்டியே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார்.

சுரப்பியையே சுருக்கும் மருந்தும் இருக்கிறது, ஃபினாஸ்டரைடு. டொமினிகன் குடியரசின் சில கிராமங்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த ஆண்களைப் பற்றி 1974இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே நின்றுவிட்டிருந்தது. ஆண் ஹார்மோனை வீரியமான வடிவத்துக்கு மாற்றும் அந்த நொதியைத் தடுப்பதுதான் இந்த மருந்து, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், பெரிய புராஸ்டேட்டுக்கே நன்றாக உதவும். உங்கள் 38 எல்லையில் நிற்கிறது. இதைத் தொடங்கினால் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும், அப்போது வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். அதனால் உங்கள் பி.எஸ்.ஏ. விஷயம் தெளிவாகும் முன் இதைத் தொடங்க நான் விரும்பவில்லை.

ஆபரேஷன் இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கு ஒரு தடவை அடைத்தது, அதற்குத் தெளிவான காரணமும் இருந்தது. மாத்திரையில் மிச்சம் குறையாவிட்டால், மறுபடியும் அடைத்தால், அடிக்கடி தொற்றோ ரத்தமோ வந்தால், பையில் கல் சேர்ந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் ஏறினால் தள்ளிப்போடக் கூடாது. வெளியே கத்தி படாமல் குழாய் வழியாகவே உள்ளே போய்ச் சுளைப் பகுதியை மட்டும் சுரண்டியோ லேசரால் பெயர்த்தோ எடுப்போம், தோல் பகுதி அப்படியே இருக்கும். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்வதை விடக் கூடாது. உங்கள் மச்சான் சொல்லும் பயத்துக்குப் பதில்: விறைப்புக்கான நரம்புகள் அந்தத் தோலுக்கும் வெளியே ஓடுகின்றன, அவற்றைத் தொடாத ஆபரேஷன் இது. விறைப்பு பெரும்பாலோருக்கு முன்பு இருந்த மாதிரியே இருக்கும். மாறுவது என்னவென்றால் பையின் கழுத்து திறந்தே இருப்பதால் விந்து வெளியே வராமல் பைக்குள் போய்ப் பிறகு சிறுநீரோடு வெளியேறும். இது பெரும்பாலோருக்கு நடக்கும். சுகம் இருக்கும், குழந்தைக்கான வாய்ப்பு குறையும். இதை முன்கூட்டியே கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். கேன்சருக்காகப் புராஸ்டேட்டை முழுவதும் எடுப்பது வேறு ஆபரேஷன், அதில் அந்த நரம்புகள் பாதிக்கப்படலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இந்தப் பயம் ஊருக்குள் சுற்றுகிறது.

மறுபடியும் நீர் அடைத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் போக முடியாமல் அடிவயிறு இறுகினாலே பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டியூப் போடுவது அங்கேயே முடிந்தால் போட்டுக்கொண்டு, வலி அடங்கிய பிறகு மலையிறங்கலாம். நிறைந்த பையோடு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருவது கொடுமை. குளிர்காய்ச்சல், கட்டிகட்டியாக ரத்தம், காலில் பலக்குறைவோடு நீர் அடைப்பு, இதில் எது வந்தாலும் அதே அவசரம்.

6 வாரம் முடிந்ததும் வாருங்கள். மூன்று நாள் கணக்கு நோட்டு, பழைய ஸ்கேன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சுகரும் கிரியாட்டினினும் பார்த்த ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். முடிந்தால் வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். நீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனை செய்வோம். ஒரு நொடிக்கு 15 மில்லிக்கு மேல் போனால் நல்லது, 10க்குக் கீழே போனால் வழி குறுகியிருக்கிறது அல்லது பை பலமிழந்திருக்கிறது. 150 மில்லியாவது போனால்தான் அந்த அளவு செல்லும். அதற்காகப் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வர வேண்டாம். கிளம்பும்போது போய்விட்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள், தானாக வரும்போது அளந்துகொள்ளலாம்.